தகரச் சீட்டும் கோப்பிக் காசும்: பெட்டிக்குள் கிடக்கும் நம் கதை

(கலேவெலையில் நடந்த தோட்டக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாத்தளைப் பக்கமிருந்தும் இரத்தோட்டைப் பக்கமிருந்தும் காலையிலேயே பஸ் ஏறி, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் கலேவெலைக்கு வந்திருக்கிறீர்கள். களைப்பாக இருப்பீர்கள். ஆனாலும் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் நாங்கள் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

வாசலில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, "என்னங்கய்யா, பழைய தகரத்தப் பத்தியா பேசப் போறீங்க? அத யாவாரி கிலோக் கணக்குல எடுக்குறானே" என்று கேட்டார். சிரித்துவிட்டோம். ஆனால் அவர் கேட்டது சிரிக்கிற விஷயமில்லை. அந்தக் கிலோக் கணக்கைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

நாங்கள் சில பேர், பல வருடமாகத் தோட்டப் பக்கத்துப் பழைய வில்லைகளையும் டோக்கன்களையும் தேடிப் பார்த்து வருகிறோம். எங்களில் பணக்காரர் யாருமில்லை. வாங்கிச் சேர்ப்பதை விட, பார்த்து எழுதி வைப்பதுதான் அதிகம். இதைத் தொடங்கி வைத்தது ஒரு லயத்தில் நடந்த சம்பவம். ஒரு அம்மாயி செத்துப்போய் முப்பது முடிந்ததும் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு சேலை, ஒரு பாக்கு வெட்டி, விபூதித் துணி ஒன்று. அந்தத் துணிக்குள் ஒரு ரூபாக் காசளவில் ஒரு தகர வட்டம். மேலே ஒரு துளை, நடுவில் எழுத்தும் இலக்கமும் அடித்திருந்தது. பேரன் அதை உடைந்த அலுமினியச் சட்டியோடு சேர்த்துப் பழைய இரும்பு யாவாரிக்குப் போட்டுவிட்டான். சட்டிக்குத்தான் காசு கொடுத்தார்களாம், தகரத்துக்கு ஒன்றுமில்லை. நாங்கள் போய்க் கேட்டபோது யாவாரியின் லொறி போய் மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த இலக்கம் என்ன என்று வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

அந்த வட்டம் என்ன என்று சொல்வதற்கு முன், டோக்கன் என்றால் என்ன என்று பார்ப்போம்.

பஸ்ஸில் மிச்சக் காசு இல்லையென்று கொண்டக்டர் டொபி கொடுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த டொபிதான் டோக்கன் மாதிரி. அரசாங்கம் அடித்த காசு அல்ல, ஆனால் காசுக்குப் பதிலாக நிற்கிறது. சில்லறைக் காசு தட்டுப்பாடாக இருந்த காலத்தில் கடைக்காரரும் கொம்பனிக்காரரும் தங்கள் சொந்த வில்லையை அடித்துக் கொடுத்தார்கள். இன்னொரு வகையும் உண்டு. அது காசுக்குப் பதில் அல்ல, கணக்குக்கு. இத்தனை கூடை எடுத்தாய், ஒரு நாள் வேலை முடித்தாய் என்று காட்டும் வில்லை. மூன்றாவது வகை ஆளுக்கே கட்டும் வில்லை. இந்த ஆள் இன்ன இடத்துக்கு உரியவர் என்று காட்ட மட்டும். இந்த மூன்று வகையும் இந்த நாட்டில் நம் ஆட்களின் கைவழியாகவோ கழுத்துவழியாகவோ போயிருக்கின்றன.

முதலில் கோப்பிக் காலத்தை எடுத்துக்கொள்வோம். தேயிலைக்கு முன்னே இந்த மலைகளில் கோப்பி இருந்தது உங்களுக்குத் தெரியும். மாத்தளை மலைகளிலும் கோப்பிதான். தோட்டத்தில் பறித்த பழத்தின் தோலை நீக்கி, கொட்டையை மூட்டை கட்டி, முதலில் மாட்டு வண்டியிலும் பிறகு றெயிலிலும் கொழும்புக்கு அனுப்புவார்கள். மாத்தளைக்கு றெயில் வந்தது 1880 இல். கொழும்பில் பெரிய கோப்பி ஆலைகள் இருந்தன. அங்கே கொட்டையைக் காயவைத்து, உமி நீக்கி, நல்லது கெட்டது பொறுக்கி, கப்பலேற்றத் தயார் செய்வார்கள். பொறுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. காலையிலிருந்து மாலை வரை குந்தியிருந்து, கறுத்த கொட்டை, உடைந்த கொட்டை எல்லாவற்றையும் விரலால் பிரித்தெடுக்க வேண்டும். கொழுந்தில் பழுத்த இலை பொறுக்குகிற நம் தாய்மாருக்கு அந்த இடுப்பு வலி எப்படி இருக்கும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அந்த ஆலைகள் வேலை முடித்தவருக்குக் கொடுத்த வில்லைதான் இன்று சேகரிப்போர் 'கோப்பி டோக்கன்' என்று தேடி அலைவது. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கொம்பனியின் வேகந்தை ஆலை, புதுக்கடையில் இருந்த ஹல்ஸ்டோர்ப் ஆலை என்று ஆலைப் பெயர் பொறித்த வில்லைகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றிலே நமக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. சில வில்லைகளின் மதிப்பு நாலரைப் பென்ஸ். வேறு சிலவற்றில் 19 சதம். இது என்ன கணக்கு, இருபது இல்லை, பதினைந்து இல்லை, பத்தொன்பது? பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பாருங்கள். இலங்கை 1872 இல் பென்ஸ் ஷில்லிங் கணக்கை விட்டு ரூபா சதத்துக்கு மாறியது. ஒரு ரூபாவுக்கு இரண்டு ஷில்லிங், அதாவது 24 பென்ஸ். அப்படியென்றால் நாலரைப் பென்ஸ் எத்தனை சதம்? பதினெட்டே முக்கால். கால் சதத்தைச் சேர்த்து 19 ஆக்கிவிட்டார்கள். நாட்டின் காசு மாறியது, கூலி மாறவில்லை. பழைய நாலரைப் பென்ஸையே புதுச் சட்டை போட்டு 19 சதம் என்றார்கள். ஒரு சின்ன வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவும் தெரிந்துகொள்ளலாம். புத்தகம் கூடத் தேவையில்லை. கூலி உயராத கதை நமக்குப் புதுசும் இல்லை!

பிறகு கோப்பியைத் துருநோய் பிடித்தது. 1869 இல் மடுல்சீமைப் பக்கம் முதலில் கண்டார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பி முடிந்தது. ஆலைகள் மூடின. வில்லைகளுக்கு மதிப்பில்லாமல் போனது. உருக்கினார்கள், வீசினார்கள். மிச்சம் கிடப்பதுதான் இன்று அரிதாகிப் போனவை.

இனித் தகர வட்டத்துக்கு வருவோம்.

கோப்பிக் காலத்தில் நம்மவர் நடந்து வந்தார்கள். இராமநாதபுரம் கரையில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை என்று காட்டு வழியே நடை. நாம் இருக்கிற கலேவெலையிலிருந்து தம்புள்ளைச் சந்தி எவ்வளவு தூரம் என்று பஸ்காரரைக் கேளுங்கள், ஒரு மணித்தியாலம் கூட ஆகாது. அந்தச் சந்தியைத் தாண்டித்தான் நம் பாட்டன் பூட்டன் மாத்தளை மலைக்கு ஏறினார்கள். வயிற்றோட்டமும் காய்ச்சலும் வந்து வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி முடியாது. 2023 இல், மலையக மக்கள் வந்து 200 வருடமானதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியை மறுபடி நடந்தார்களே, உங்களில் சிலரும் அதில் நடந்திருப்பீர்கள். ஜூலை கடைசியில் தொடங்கி ஓகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையில் முடித்தார்கள். தார் ரோட்டிலேயே கால் கொப்பளித்தது என்றார்கள்.

நடந்து வந்த அந்தக் காலத்து ஆட்களிடம் தகரச் சீட்டு இருக்காது. இதை முதலில் மனதில் வையுங்கள், ஏனென்றால் "எங்க பூட்டன் 1850 ஆம் வருசம் கழுத்துல கட்டிக்கிட்டு நடந்தாரு" என்று பல பேர் சொல்கிறார்கள். தகரச் சீட்டு முறை வந்தது 1901 இல். அப்போது கோப்பி போய் தேயிலை வந்துவிட்டது. ஆட்கள் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்கு வரும் காலம். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறை முகாம் இருந்தது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கி, இரண்டு பக்கமும் றெயில் வந்து சேர்ந்த பிறகு மண்டபம் முகாம்தான் பெரிய வாசல். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'மண்டபம்' என்று சொன்னால் அந்த முகாமைத்தான் சொல்கிறார்கள்.

சீட்டு எப்படி வேலை செய்தது? தோட்டத் துரை தன் தோட்டத்துக்கு உரிய தகர வில்லைகளைக் கங்காணியிடம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். வில்லையில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் அடித்திருக்கும். கங்காணி ஊரில் ஆள் சேர்த்து ஆளுக்கொரு வில்லை கொடுப்பார். கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் கட்டிக்கொண்டால் போதும். அதைப் பார்த்து முகாமில் சோறு போடுவார்கள், கப்பலில் ஏற்றுவார்கள், றெயிலில் ஏற்றுவார்கள். ஆளிடம் காசு கேட்க மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட வழி தவறாமல் தோட்டம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கேட்க நல்ல ஏற்பாடு மாதிரி இருக்கிறது, இல்லையா? முகாமுக்கும் கப்பலுக்கும் றெயிலுக்கும் ஆன செலவை அரசாங்கம் தோட்டத்திடம் வாங்கும். தோட்டம் கங்காணி கணக்கில் எழுதும். கங்காணி ஆள் கணக்கில் எழுதுவார். ஆக, ஓசிச் சோறு என்று நினைத்துச் சாப்பிட்டது முழுக்க, தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடனாக நின்றது. கழுத்தில் தொங்கியது பயணச் சீட்டும்தான், கடன் சீட்டும்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பலர் தகரச் சீட்டையும் 'துண்டு' என்பதையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். துண்டு வேறு. அது கடதாசி. "இந்த ஆளின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் ஆளை விடுகிறேன்" என்று ஒரு துரை எழுதிக் கொடுப்பது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணிமார் தோட்டம் தோட்டமாக ஆட்களை மாற்றி, கடன்மேல் கடன் ஏற்றினார்கள். 1921 இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். 1923 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஆள் திரட்டும் செலவு ஒரு பொது நிதியிலிருந்து போனது, ஆள்மேல் எழுதக் கூடாது என்றாயிற்று. அப்படியானால் உங்கள் வீட்டுத் தகரச் சீட்டு 1901 க்கும் 1923 க்கும் இடையிலானது என்றால், அதன் பின்னால் ஒரு கடன் இருந்தது என்று துணிந்து சொல்லலாம். கடதாசித் துண்டுகள் கறையான் தின்று போயின. தகரம் நின்றது.

இப்போது நாங்கள் உங்களைக் கொஞ்ச நேரம் அமெரிக்காவுக்குக் கூட்டிப் போகிறோம். விசா தேவையில்லை!

பசிபிக் கடலின் நடுவே ஹவாய் என்று தீவுகள் இருக்கின்றன. 1898 இல் அமெரிக்கா அவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கே கரும்புத் தோட்டம். நம்மைப் போலவே வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். சீனர், ஜப்பானியர், போர்த்துக்கீசர், கொரியர், பிலிப்பைன்ஸ்காரர். நம்மைப் போலவே வரிசை வீடு, தோட்டக் கடை, அதில் பற்று. ஆளுக்கொரு உலோக வில்லையும் கொடுத்தார்கள். இலக்கம் அடித்தது. கழுத்தில் சங்கிலியில் தொங்கும். அதற்குப் பெயர் 'பாங்கோ'. ஜப்பானிய மொழியில் இலக்கம் என்று அர்த்தம். சம்பள நாளில் பாங்கோவைக் காட்டிச் சம்பளம் வாங்க வேண்டும், கடையில் பாங்கோவைக் காட்டிப் பற்று எழுத வேண்டும். இன்ன இனத்துக்கு வட்டம், இன்ன இனத்துக்குச் சதுரம் என்று வடிவம் மாற்றி வைத்த தோட்டங்களும் உண்டு. மேற்பார்வையாளர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், இலக்கம் சொல்லித்தான் கூப்பிடுவார். காசுக்குப் பதிலான டோக்கனும் அங்கே இருந்தது. மாவுயித் தீவின் வைலுக்கு தோட்டத்து டோக்கனில் 1880 என்றும், ஹைக்கு தோட்டத்து டோக்கனில் 1882 என்றும் ஆண்டு பொறித்திருக்கிறது. இன்று அமெரிக்காவில் அரிய டோக்கன் சேர்ப்பவர்கள் இவற்றைப் பெரிய விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

அமெரிக்காவின் தென்பகுதியில் சார்ள்ஸ்டன் என்ற துறைமுக நகரம். அடிமை முறை இருந்த காலத்தில், தன் அடிமையை வேறொருவரிடம் கூலிக்கு விட வேண்டுமென்றால் எசமான் நகரசபைக்குக் காசு கட்டி ஒரு செம்புத் தகடு வாங்க வேண்டும். ஊர்ப் பெயர், ஆண்டு, இலக்கம், தொழில். வேலைக்காரன், சுமை தூக்குபவன், மீன்காரன், கைத்தொழிலாளி என்று தொழில் மட்டும் எழுதியிருக்கும். பெயர் கிடையாது. வருடாவருடம் புதுத் தகடு. 1865 இல் அடிமை முறை ஒழிந்தபோது அதுவும் ஒழிந்தது. அங்கே நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவர்கள் விற்கப்பட்ட மனிதர்கள். ஆனால் அந்தத் தகட்டின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, எங்களில் ஒருவர் ஒன்றுமே பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்கர்களிடம் நாம் கற்க வேண்டியது சேகரிக்கும் ஆசையை அல்ல, அவர்கள் எழுதி வைக்கும் பழக்கத்தை. 1860 களில் அங்கே உள்நாட்டுப் போர் நடந்தபோது மக்கள் காசைப் பதுக்கினார்கள். சில்லறை இல்லாமல் கடைக்காரர் ஆயிரக்கணக்கான வகை டோக்கன் அடித்தார்கள். 1864 இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். நூறு வருடம் கழிந்து, எந்த ஊர், எந்தக் கடை, எந்த அச்சு என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு நூல் எழுதிவிட்டார்கள். டோக்கன் சேர்ப்போருக்கென்றே 1960 இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக் கடை டோக்கனைக்கூட விடவில்லை. சுரங்கத் தொழிலாளியின் பேரப்பிள்ளை, தாத்தா வேலை செய்த சுரங்கத்தின் பெயரைத் தேடி அந்த வில்லையைக் கண்டுபிடிக்க முடிகிறது.

நம் நாட்டில் கொட்ரிங்டன் 1924 இல் இலங்கை நாணயங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அரசர் காசிலிருந்து வெள்ளைக்காரர் காசு வரை அதில் உண்டு. நல்ல நூல். ஆனால் இந்த மாதிரி நூல்களில் அரசனின் பெயர் இருக்கும், ஆலைக்காரரின் பெயர் இருக்கும். கொட்டை பொறுக்கிய பெண்ணின் பெயர் எங்கே இருக்கும்? அது எந்த நூலகத்திலும் இல்லை. உங்கள் வீட்டு அம்மாயியின் வாயில்தான் இருக்கிறது.

சரி, வீட்டில் ஒரு வில்லை கிடந்தால் என்ன செய்வது? முதலாவது, தயவுசெய்து அதைக் கழுவாதீர்கள். இதை நாங்கள் பட்டுத்தான் சொல்கிறோம். ஆரம்பத்தில் எங்களுக்கு ஒரு பித்தளை வில்லை கிடைத்தது. கறுத்துப் போய், எழுத்து இலேசாகத் தெரிந்தது. பளபளப்பாக்கினால் நன்றாக வாசிக்கலாம் என்று நினைத்து, குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். நல்லாத் துலங்கிச்சு. எழுத்துந்தான் போச்சு. கடைசி இரண்டு எழுத்து மட்டும் நின்றது. அதை வைத்து எந்தத் தோட்டம் என்று சொல்ல முடியவில்லை. அது இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும்.

தேய்ப்பதற்குப் பதில், பள்ளிப் பிள்ளைகள் காசைக் கடதாசிக்குக் கீழே வைத்துப் பென்சிலால் உரசுவார்களே, அதைச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூடக் கடதாசியில் எழும். வெயிலைச் சரிவாக விழவைத்துப் பார்த்தாலும் தெரியும், காலை எட்டு மணி வெயில் நல்லது. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

பிறகு காந்தம் வைத்துப் பாருங்கள். தகரம் என்று நாம் சொல்வது ஈயம் பூசிய இரும்புத் தகடு, அதைக் காந்தம் பிடிக்கும். பித்தளையையும் செம்பையும் பிடிக்காது. அலுமினியமும் ஒட்டாது, கையில் எடுத்தால் இலேசாக இருக்கும். எழுத்து எப்படி விழுந்திருக்கிறது என்று கவனியுங்கள். ஆலை டோக்கனில் எழுத்து அச்சில் அடித்து மேலெழும்பி ஒழுங்காக நிற்கும். ஆளுக்குக் கொடுத்த வில்லையில் இலக்கத்தைக் கையால் உளி மாதிரி ஒன்றால் ஒவ்வொன்றாகத் தட்டியிருப்பார்கள், 7 ஒரு பக்கம் சரிந்திருக்கும், 3 பாதி விழுந்திருக்கும். அந்தக் கோணலைப் பார்த்துக் கழிவு என்று நினைக்காதீர்கள்.

துளையைக் கட்டாயம் பாருங்கள். உண்மையில் கழுத்தில் தொங்கிய வில்லையென்றால் துளையின் மேல் விளிம்பு கயிறு உரசி மெலிந்திருக்கும், வட்டத் துளை கொஞ்சம் நீண்டிருக்கும். புதிதாகச் செய்து அமிலத்தில் போட்டுப் பழசாக்கிய போலியில் துளை சுற்றிலும் ஒரே மாதிரி கூராக நிற்கும். சார்ள்ஸ்டன் தகடுகளிலேயே ஏகப்பட்ட போலி வந்துவிட்டது. விலை ஏறிய பொருளுக்குப் போலி தானாக வரும். இங்கேயும் வரும்.

பெட்டியில் கிடப்பதெல்லாம் தோட்டத்து வில்லை என்றும் நினைக்க வேண்டாம். ஒரு தாத்தா மிகவும் பயபக்தியோடு எடுத்து வந்து காட்டியது நாய் லைசன்ஸ் தகடு. இன்னொருவர் கொண்டுவந்தது இந்தியாவில் நகரசபை சைக்கிளுக்குக் கொடுத்த வில்லை. சிரிக்காதீர்கள், அதுவும் அந்த வீட்டுக் கதைதான். யாரோ ஒருவர் அங்கே சைக்கிள் வைத்திருந்திருக்கிறார். 'டோக்கன்' என்று ஒரு பக்கமும் 'பணம்' என்பதை ஆங்கில எழுத்தில் 'ஃபனம்' என்று மறுபக்கமும் பொறித்த சின்ன வெள்ளிக் காசு ஒன்று உண்டு. அது 1815 ஐ ஒட்டிய காலத்தில் இந்த நாட்டு அரசாங்கமே அடித்தது. டோக்கன் என்று எழுதியிருப்பதால் தோட்டத்துடையது என்று ஏமாறக் கூடாது, அப்போது தோட்டமே இல்லை.

கடைசியாக ஒரு வகை, இதிலேதான் நம் சனங்கள் ஏமாறுகிறார்கள். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ, மறுபக்கம் கிழக்கிந்தியக் கொம்பனி, அரை அணா, 1818 என்று பொறித்த செப்புக் காசு. இது கோயில் வாசலிலும் சந்தையிலும் விற்ற விளையாட்டுப் பொருள். கொம்பனி இப்படி ஒரு அரை அணா அடிக்கவே இல்லை. இதற்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டு, கோடிக்கணக்கில் வாங்க வெளிநாட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லி, இந்தியாவில் எத்தனையோ பேரை மொட்டையடித்துவிட்டார்கள். 'பரிசோதிக்கச் செலவு' என்று முதலில் கொஞ்சம் காசு கேட்பார்கள், பிறகு இன்னும் கொஞ்சம். காந்தம் இரும்பை இழுக்கும். காசு அரிசியை இழுக்காது. அரிசியை இழுக்கிற காசு சம்பளக் காசு மட்டும்தான், அதையும் இப்போது சரியாக இழுக்கக் காணோம்!

விற்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு முன்னால் தகர வில்லை பெரிதல்ல. விற்பது உங்கள் உரிமை. ஆனால் கிலோக் கணக்கில் போடாதீர்கள். அவசரப்படுத்துகிறவரிடம் விற்காதீர்கள். விற்பதற்கு முன் படம் எடுத்து, கதையை எழுதி வீட்டில் வையுங்கள். மண்ணில் கிண்டும்போது மிகப் பழைய பொருள் ஏதும் அகப்பட்டால் அது வேறு விஷயம். 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதை அறிவிக்க வேண்டும். பார்க்க விரும்புகிறவர்கள் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போகலாம், அது 1877 இலிருந்து இருக்கிறது. கம்பளைப் பக்கம், பழைய லயக் காம்பிராக்களையே அரும்பொருளகமாக்கி, தோட்டத் தொழிலாளர் புழங்கிய பொருள்களை 2007 இலிருந்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே ஒரு தடவை கூட்டிப் போங்கள். நம் வீட்டுக் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறோம்.

எழுதி வைப்பது என்றால் பெரிய கட்டுரை வேண்டாம். ஒரு கொப்பித் தாளில், இது யாருடையது, அவருடைய அப்பா அம்மா யார், இந்தியாவில் எந்த ஊர், முதலில் வந்த தோட்டம் எது, பிறகு எங்கே மாறினார்கள், இதை இப்போது சொல்வது யார், திகதி என்ன. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு நம் ஆட்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயரையும் எழுதுங்கள். இரண்டும் வேறு வேறாக இருக்கும், பழைய ஆவணம் தேடும்போது ஆங்கிலப் பெயர் வேண்டும், பழைய ஆளைத் தேடும்போது தமிழ்ப் பெயர் வேண்டும். அந்தக் காலத்து தோட்டங்களின் பெயரும் பரப்பும் உரிமையாளரும் பெர்குசன் டிரெக்டரியில் வருடவாரியாக இருக்கிறது. வில்லையில் முழுப் பெயர் இல்லாமல் முதலெழுத்து மட்டும் இருந்தால் அதை வைத்துத் தேடலாம்.

தாளில் எழுதுவதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் இன்னொரு சட்டம். கலியாணம் கட்டியவர் ஏழு வருடம், கட்டாதவர் பத்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததாகக் காட்டு என்றார்கள். எதை வைத்துக் காட்டுவது? செக்றோல் தோட்டத்தின் கையில். பிறப்புச் சாட்சிப் பத்திரம் பலருக்கு இல்லை. கழுத்தில் கட்டி வந்த தகரத்தில் பெயர் இல்லை, வெறும் இலக்கம். தோட்டத்துக்கு ஆள் கொண்டுவர அது போதுமானதாக இருந்தது. அந்த ஆள் இங்கேதான் வாழ்ந்தார் என்று காட்ட அது உதவவில்லை. 1964 ஒப்பந்தத்தில் ஒரே வீட்டில் அண்ணன் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம் என்று பிரிந்தார்கள். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்த இழுபறி ஓயவில்லை. தலைமன்னாரில் கப்பலேறித் திரும்பிப் போனவர்களில் சிலர், தங்கள் அப்பன் கட்டி வந்த அதே வில்லையை மடியில் முடிந்துகொண்டு போனதாக எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்று சொல்லி முடிக்கிறோம், சாப்பாட்டு மணம் வந்துவிட்டது. போன தடவை ஒரு தோட்டத்தில் இதே விஷயத்தைப் பேசிவிட்டு இறங்கியபோது, ஒரு ஆயா சேலை முந்தியிலிருந்து முடிச்சை அவிழ்த்தார். கறுத்த தகர வட்டம். துளையின் மேல் பக்கம் நூல் மாதிரி மெலிந்திருந்தது. வாங்கிப் பார்த்தோம், உரசி எடுத்தோம், இலக்கம் நன்றாக எழுந்தது. யாருடையது என்று கேட்டோம். "எங்க அப்பாயியோடது. ஏழு வயசுல வந்துச்சாம். பேரு முத்தாயி" என்றார். உரசிய கடதாசியில் இலக்கத்துக்குக் கீழே முத்தாயி என்று எழுதி அவரிடமே கொடுத்தோம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்ற பேத்தியிடம் கொடுத்து இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு தகரத்தை அந்தக் கடதாசியிலேயே சுற்றி, மறுபடி முந்தியில் முடிந்துகொண்டு பெரட்டுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

உங்களில் யாராவது ஏதாவது கொண்டுவந்திருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மேசைக்கு வாங்க. பென்சிலும் கடதாசியும் வைத்திருக்கிறோம்.